வேலூர் வெயிலில் கார் ஏசி: எதை முதலில் போடுவது, எதை எப்போது அணைப்பது

போன கோடையில் என் மச்சான் பழைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினான். கோட்டைப் பக்கம் வெட்டவெளியில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டி. ஏறி உட்கார்ந்ததும் நாலு கண்ணாடியையும் ஏற்றினான், ஃபேனை நாலில் வைத்தான், குளிர் குமிழை நீலத்தின் கடைசி வரை திருப்பினான். சத்துவாச்சாரி வரைக்கும் இரண்டு பேரும் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி வந்து சேர்ந்தோம். "கேஸ் இறங்கிப்போச்சு மாமா, நாளைக்கே ஏத்திடணும்" என்றான்.

கேஸ் அப்படியே இருந்தது. கண்ணாடியை அவசரப்பட்டு ஏற்றிவிட்டான், வெளிக்காற்று வரும் வழியைக் கடைசி வரை அடைக்கவே இல்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் புதிதாக வண்டி எடுத்த நாலைந்து பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். எல்லோரும் தடுமாறுவது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான்.

1. உங்கள் வண்டியில் இருப்பது எந்த ஏசி?

மூன்று குமிழ்கள் இருந்து, அதில் ஒன்றில் நீலமும் சிவப்பும் கோடாக இருந்தால் அது கைமுறை ஏசி. 22, 24 என்று டிகிரி எண் தெரிந்தால் ஆட்டோ ஏசி. இரண்டையும் ஒரே மாதிரி கையாளக் கூடாது.

கைமுறை ஏசியில் நீல-சிவப்புக் குமிழை வீட்டு ஏசி ரிமோட் மாதிரி நினைப்பதுதான் முதல் தவறு. ஏசி பொத்தானை அமுக்கினால் ஏசி கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஓடுகிறது, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் சில்லிடுகிறது. பக்கத்திலேயே எஞ்சினின் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் ஹீட்டர் காயிலும் இருக்கிறது. குமிழைச் சிவப்புப் பக்கம் நகர்த்தினால் உள்ளே ஒரு மடல் திரும்பி, குளிர்ந்த காற்றில் சூடான காற்றைக் கலக்கிறது. அதாவது பெட்ரோல் செலவழித்துக் குளிரவைத்த காற்றை நாமே திரும்பச் சூடாக்குகிறோம். பெரும்பாலான சாதாரண வண்டிகளில் கம்ப்ரஸரின் வேலை இதனால் குறையாது.

ஆகவே கோடையில் குமிழ் நீலத்தின் கடைசியிலேயே இருக்கட்டும். குளிர் அதிகமானால் முதலில் ஃபேனைக் குறையுங்கள். அதற்கும் மேல் குளிர்ந்தால் ஏசி பொத்தானைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள்.

2. நிறுத்தும்போதே தொடங்கும் வேலை

நம் ஊரில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். சுற்றிலும் பாறை மலைகள் வேறு. மூடிய வண்டிக்குள் வெயில் இறங்கினால் உள்ளே வெளியை விட ரொம்பவே சூடாகிவிடும். காற்று மட்டும் சூடாவதில்லை. டேஷ்போர்டு, சீட், ஸ்டீயரிங் எல்லாம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஏசி போட்ட பிறகும் பத்து நிமிடம் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருப்பவை இவைதான்.

எனவே நிழல் கிடைத்தால் நூறடி நடக்க வேண்டியிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். நிழல் இல்லையென்றால், மதியத்துக்கு மேல் நிறுத்தும் வண்டியின் முன்கண்ணாடி மேற்கைப் பார்க்காமல் இருந்தால் போதும். உள்ளே வெள்ளி நிறத் தடுப்பு ஒன்று, ஸ்டீயரிங்மேல் போட ஒரு பழைய துண்டு. நான் துண்டை மறந்த நாளில் விரல் நுனியால் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டினால் என்ன என்று கேட்பார்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி உள்ளே வர வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் இருட்டடித்தால் அபராதம் கட்ட வேண்டி வரும்.

3. சுடும் வண்டியில் முதல் ஐந்து நிமிடம்

இந்தப் பகுதியை மட்டும் பழக்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. வரிசை மாறக் கூடாது.

முதலில், ஏறுவதற்கு முன்பே இடது பக்கப் பின்கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். அப்புறம் ஓட்டுநர் கதவை ஐந்தாறு முறை விசிறி மாதிரி திறந்து மூடுங்கள். உள்ளே தேங்கிய காற்று எதிர்ப்பக்கம் வழியாக வெளியே தள்ளப்படும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உள்ளே இருக்கும் காற்று வெளியே இருப்பதை விடச் சூடு. அதை ஏசி வைத்துக் குளிரவைப்பதை விட வெளியே துரத்துவது சுலபம்.

அடுத்து, எஞ்சினைப் போட்டு நாலு கண்ணாடியையும் இறக்கியபடியே கிளம்புங்கள். வெளிக்காற்று வழி திறந்திருக்கட்டும். ஏசி போட்டு ஃபேனைக் கடைசி எண்ணில் வையுங்கள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு ஏசி குளிரும் வரை காத்திருப்பவர்கள் உண்டு. நிற்கும்போது கம்ப்ரஸர் மெதுவாகச் சுற்றும், ஏசியின் சூட்டை வெளியே விட முன்னால் இருக்கும் கண்டென்ஸருக்கும் காற்றோட்டம் குறைவு. வண்டி நகர்ந்தால்தான் இரண்டும் சரியாகும். பெட்ரோலும் மிச்சம்.

ஓரிரு நிமிடத்தில் டேஷ்போர்டில் இருக்கும் காற்று வாயிலிலிருந்து வரும் காற்று சில்லிடத் தொடங்கும். கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று வந்த பிறகுதான் கண்ணாடிகளை ஏற்ற வேண்டும். முன்கண்ணாடிகள் முதலில், பின்கண்ணாடிகள் இன்னும் அரை நிமிடம் கழித்து. கூரையில் தங்கிய சூடான காற்று பின்பக்கமாக வெளியேற அந்த அரை நிமிடம்.

கண்ணாடி ஏற்றிய கையோடு, வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்க்குலேஷன் பொத்தானைப் போடுங்கள். என் மச்சான் விட்டது இதைத்தான்.

4. வளைந்த அம்பு போட்ட பொத்தான்

கார் படத்துக்குள் ஓர் அம்பு வளைந்து திரும்பும் பொத்தான்தான் ரீசர்க்குலேஷன். பழைய வண்டிகளில் பொத்தானுக்குப் பதில் தள்ளும் நெம்புகோலாக இருக்கும். வெளியிலிருந்து உள்ளே நுழையும் அம்பு என்றால் வெளிக்காற்று.

42 டிகிரி வெளிக்காற்றை ஒவ்வொரு நொடியும் உள்ளே இழுத்துக் குளிரவைப்பதும், ஏற்கெனவே 28 டிகிரிக்கு வந்துவிட்ட உள்காற்றையே திரும்பக் குளிரவைப்பதும் ஒன்றா? கோடையில் குளிருக்கும் எரிபொருளுக்கும் இந்த ஒரு பொத்தான் செய்கிற நன்மையை வேறு எதுவும் செய்யாது. 'மேக்ஸ் ஏசி' என்று சில வண்டிகளில் தனியாக இருக்கும். அது பெரும்பாலும் ரீசர்க்குலேஷனையும் முழு வேகத்தையும் சேர்த்துப் போடும் குறுக்குவழிதான்.

லாரிப் புகைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாலும் இது உதவும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளைக் கடக்கும்போதும் அப்படித்தான். நாற்றம் மூக்கில் ஏறிய பிறகு போட்டால் அதே நாற்றத்தைத்தான் சுற்றிச் சுற்றி முகர வேண்டும். தூரத்திலேயே போட்டுவிடுங்கள்.

ஆனால் போட்டதை மறந்துவிடக் கூடாது. நாலைந்து பேர் மூச்சு விடும் அதே காற்று திரும்பத் திரும்பச் சுற்றினால் கரியமில வாயு கூடும். தலை கனக்கும், ஓட்டுபவருக்குத் தூக்கம் வரும். இங்கிருந்து பெங்களூரு 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராத்திரியில் ரீசர்க்குலேஷனிலேயே அவ்வளவு தூரமும் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மூன்று நிமிடம் வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள். நான் பள்ளிகொண்டா டோல், வாணியம்பாடி டோல் என்று அடையாளம் வைத்திருக்கிறேன். டோல் தாண்டினால் பொத்தான், அவ்வளவுதான் கணக்கு.

5. காற்று எந்தப் பக்கம்

குளிர்ந்த காற்று கீழே இறங்கும். ஆகவே வாயில்களை முகத்துக்கு நேராக வைக்காமல், தலைக்கு மேலே பின்சீட்டை நோக்கித் திருப்புங்கள். முகத்தில் நேராக அடித்தால் கண் உலரும், பின்னால் இருப்பவர்களுக்கு ஒன்றும் போகாது. பாட்டி பின்சீட்டில் "காத்தே வரல்லப்பா" என்பது பெரும்பாலும் இதனால்தான். யாரும் உட்காராத பக்கத்து வாயிலை மூடலாம். ஆனால் எல்லாவற்றையும் மூடி ஒன்றை மட்டும் திறந்து வைக்காதீர்கள், காற்றோட்டம் நெரிந்துபோகும்.

உள்ளே குளிர்ந்ததும் ஃபேனை இரண்டுக்கு இறக்குங்கள். நாலிலேயே விட்டுவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

6. ஆட்டோ ஏசியில் கை வைக்காமல் இருப்பது

சீக்கிரம் குளிரட்டும் என்று 'லோ' வரை இறக்குவார்கள். 24 வைத்தாலும் உள்ளே 45 இருக்கும்போது ஆட்டோ ஏசி முழு பலத்தோடுதான் ஓடும். 'லோ' வைப்பதால் வேகம் கூடுவதில்லை. 24ஐத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் வித்தியாசம். 24 அல்லது 25 வைத்து ஆட்டோ பொத்தானை அமுக்கிவிட்டு விட்டுவிடுங்கள். நடுவில் ஃபேனைத் தொட்டால் பல வண்டிகளில் ஆட்டோ பாதி அணைந்துவிடும். திரும்ப ஒரு முறை ஆட்டோவை அமுக்க வேண்டும்.

டேஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி அருகே ஒரு சிறு கறுப்புக் குமிழி இருந்தால் அது வெயில் உணரி. அதன்மேல் சாமி படமோ டிஷ்யூ பெட்டியோ வைக்காதீர்கள். வெயிலே இல்லை என்று ஏசி ஏமாந்துபோகும்.

7. நெடுஞ்சாலையும் ஏலகிரி ஏற்றமும்

காட்பாடி நெரிசலில், காலை நேரத்தில், வேகம் குறைவாக இருக்கும்போது கண்ணாடியை இறக்கி ஓட்டினால் மிச்சம். நாற்கரச் சாலையில் 80, 90இல் போகும்போது இறக்கிய கண்ணாடி காற்றைத் தடுத்து வண்டியை இழுக்கும். அங்கே கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதுதான் சரி.

பொன்னேரியில் திரும்பி ஏலகிரி ஏறும்போது கதை வேறு. 14 கொண்டை ஊசி வளைவுகள், முதல் கியர், இரண்டாம் கியர். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குக் காற்று குறைவு. சின்ன எஞ்சின் என்றால் அடிவாரத்திலேயே ஏசியை அணைத்துவிடுங்கள். இழுவை கூடுவது காலிலேயே தெரியும்.

வெப்ப முள் 'எச்' பக்கம் ஏறத் தொடங்கினால், ஏசியை அணைத்து, குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பி ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். ஆமாம், வெயிலில் ஹீட்டர்தான். ஹீட்டர் காயில் ஒரு குட்டி ரேடியேட்டர்; எஞ்சின் சூட்டை வண்டிக்குள் இழுத்து இறக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். முள் இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் பாயும்.

8. ஐப்பசி மழையில் கண்ணாடி மங்கினால்

மழை நாளில் முன்கண்ணாடியின் உள்பக்கம் புகை படிந்த மாதிரி ஆகும். கையால் துடைப்பது முதல் தவறு: எண்ணெய்ப் பிசுக்குத் தங்கி, ராத்திரி எதிர்வண்டி விளக்கில் கண் கூசும். மழைச்சாரல் உள்ளே வருகிறது என்று ரீசர்க்குலேஷன் போடுவது அடுத்த தவறு. நம் மூச்சின் ஈரம் வெளியே போக வழியில்லாமல் இன்னும் மங்கும்.

செய்ய வேண்டியது: முதலில் வெளிக்காற்று, அடுத்து காற்றின் திசை முன்கண்ணாடிக்கு, அப்புறம் ஏசி, கடைசியாகக் குமிழைக் கொஞ்சம் சிவப்புப் பக்கம். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், சூடு கண்ணாடியை உலர்த்தும். மேலே கைமுறை ஏசியில் கலக்காதே என்றேன் அல்லவா, அதற்கு விதிவிலக்கு இதுதான்.

சில நாள் இதற்கு நேர்மாறாக வெளிப்பக்கம் மங்கும். உள்ளே கண்ணாடி ரொம்பக் குளிர்ந்து, வெளியே புழுக்கம் இருந்தால் வருவது அது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? வைப்பரை ஒரு முறை போடுங்கள். தெளிந்தால் வெளிப்பக்கம். கண்ணாடிக்குப் போகும் குளிர்காற்றை நிறுத்தினால் போதும்.

9. ஹீட்டர்

நம் ஊருக்கு மார்கழி, தை விடியற்காலையிலும் ஜவ்வாது மலை, ஏலகிரி போகும்போதும் மட்டும்தான் இது தேவை. பெட்ரோல், டீசல் வண்டியில் ஹீட்டருக்குத் தனிச் செலவு கிடையாது, எஞ்சின் வீணாக்கும் சூடுதான். அதனால் ஏசி பொத்தானை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

எஞ்சின் போட்டதும் ஃபேனைப் போட்டால் குளிர்காற்றுதான் வரும். வெப்ப முள் 'சி'யை விட்டு நகரட்டும், அல்லது எஞ்சின் குளிராக இருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணையட்டும். அதன்பிறகு குமிழைச் சிவப்புக்குத் திருப்பி, காற்றைக் காலுக்கு விடுங்கள். சூடு தானாக மேலே ஏறும்.

10. இறங்குவதற்கு முன்னும், காத்திருக்கும்போதும்

வீட்டுக்கு இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். கூலிங் காயிலில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஏசி போட்டதும் ஈரச் சாக்கு நாற்றம் வருவது அதனால்தான். அதற்கு வாசனைத் திரவம் தொங்கவிடுவது வேட்டியில் கறை மறைக்கப் பூ வைப்பது போல.

இன்னொன்று. சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துவந்துவிட்டு, வெளியே வண்டியில் கண்ணாடி ஏற்றி ஏசி போட்டுத் தூங்கும் ஓட்டுநர்கள் நிறைய. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் புகைக்குழாயில் கசிவு இருந்தாலோ, சுவர் ஓரமாக மூடிய இடத்தில் நின்றாலோ, கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமலே போய்விடும். மர நிழலில் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள். வேர்க்கும், பரவாயில்லை. குழந்தையை மட்டும் வண்டியில் விட்டுவிட்டு "ரெண்டே நிமிஷம்" என்று கடைக்குள் போவதும் வேண்டாம். எஞ்சின் ஓடினாலும் வேண்டாம், நின்றாலும் வேண்டாம்.

11. 'கேஸ் போயிடுச்சு' என்று சொல்வதற்கு முன்

ஏசி கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. நன்றாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் ஏற்றினால் அடுத்த கோடையில் திரும்ப ஏற்ற வேண்டும். ஒரு பட்டறையில் எனக்கு இரண்டு வருடம் தொடர்ந்து ஏற்றினார்கள். மூன்றாவது வருடம் வேறு இடத்தில் குழாய் முனையில் இருந்த ஒரு ரப்பர் வளையத்தை மாற்றினார்கள், அத்தோடு சரி.

பட்டறைக்குப் போகும் முன் நாமே பார்க்கக்கூடியவை உண்டு. குளிர் இருக்கிறது, காற்றுதான் குறைவு என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல வண்டிகளில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றலாம். நம் ஊர்த் தூசிக்குக் கையேட்டில் சொன்னதை விடச் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். என் மச்சான் வண்டியில் எடுத்தபோது வேப்பஞ்சருகும் ஒரு பல்லி முட்டையும் இருந்தன.

நெடுஞ்சாலையில் குளிர்கிறது, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றால் சூடாகிறது என்றால் கேஸை விட்டுவிட்டு முன்னால் பாருங்கள். ரேடியேட்டருக்கு முன் இருக்கும் கண்டென்ஸரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம், அல்லது அதன் ஃபேன் ஓடாமல் இருக்கலாம். ஏசி போட்டு பானட்டைத் திறந்து பாருங்கள், ஃபேன் சுற்ற வேண்டும். தானாகச் சுற்றத் தொடங்கும், அதனால் கையை உள்ளே நீட்டாதீர்கள். கண்டென்ஸரை எஞ்சின் ஆறிய பிறகு சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் வாஷ் பம்பை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

நீண்ட பயணத்தில் ஃபேன் சத்தம் இருக்கிறது, காற்று மட்டும் வரவர மெலிகிறது என்றால் கூலிங் காயிலில் பனி கட்டியிருக்கலாம். ஏசி பொத்தானை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் உருகிவிடும். அடிக்கடி நடந்தால் மெக்கானிக்கிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கேஸ் பார்க்கச் சொல்லிப் பேச்சைத் தொடங்காதீர்கள்.

கடைசியாக, நிறுத்திய வண்டிக்கு அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் பயப்பட வேண்டாம், அது ஏசி காற்றிலிருந்து பிரித்த ஈரம். சொட்டாமல் இடது முன்சீட்டின் கால்மிதி நனைந்தால்தான் பார்க்க வேண்டும். வடிகுழாய் அடைத்திருக்கிறது, அடியிலிருந்து குழாயின் வாயைச் சுத்தம் பண்ணினால் தேங்கிய தண்ணீர் கொட்டும். அப்புறம் கால்மிதியை எடுத்து வெயிலில் போடுங்கள். வேலூர் வெயில் அதற்காவது உதவட்டும்.